தொண்ணூற்றுக்கான காரும் என் தையலும்

மலேசியாவில் இந்த ஈப்போவில் புதுக் கார் வாங்குகிறவர்கள் இருக்கையின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மாட்டார்கள். வெயிலில் அது சுடும், தொடையில் ஒட்டும், எழுந்தால் சர்ரென்று சத்தம் போடும். இருந்தாலும் இரண்டு மூன்று வருசம் அப்படியே வைத்து ஓட்டுவார்கள். உறை மஞ்சளித்து வெடித்த பிறகு நான் வேலை பார்க்கும் குஷன் கடைக்கு வருவார்கள். அடியிலிருக்கும் துணி வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே இருக்கும். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "புதுசா ஒண்ணு தைச்சுக் குடுங்க அக்கா, மேல பிளாஸ்டிக்கும் போட்டுடுங்க" என்பார்கள். வந்த புதிதில் சிரிப்பேன். பதினைந்து வருசமாகக் கார் இருக்கை தைக்கிறேன், இப்போது சிரிப்பதில்லை. என் வீட்டு நாற்காலிகளிலும் பிளாஸ்டிக் இருக்கிறது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சண்டை முடிந்து சப்பான்காரன் போன மறுவருசம், பதினேழு வயதில் கழுத்தில் தாலியோடு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள் நான். பீடோருக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருபத்தெட்டு வருசம் பால் வெட்டினேன். தோட்டம் கை மாறி, லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது நானும் வீட்டுக்காரரும் ஈப்போவுக்கு வந்தோம். அவர் இப்போது இல்லை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இப்படி மெதுவாக எழுதவும் செய்வேன். இங்கிலீஷ் எழுத்தும் மலாய் எழுத்தும் தெரியாது. தெரியாது என்று கடையில் யாரிடமும் சொன்னதும் கிடையாது.

கடை ஆ சோங் என்கிற சீன முதலாளியினுடையது, தவுக்கே என்போம். பின்பக்கத் தகரக் கொட்டகையில் அவருடைய தம்பி ஆ கியோங்கும், வெல்டிங் வேலை செய்யும் நம்ம ஆள் முனியாண்டியும் இரண்டு வருசமாக ஒரு கார் செய்துகொண்டிருந்தார்கள். கடையில் வாங்குகிற கார் இல்லை. கோழிக்கூண்டுக் கம்பியை வளைத்து, அதன் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, அச்செடுத்து, கண்ணாடி நாரைப் பரப்பிப் பிசின் ஊற்றி உடம்பு பண்ணினார்கள். உயரம் என் இடுப்புக்கு வராது. முன்பக்கம் கத்தி முனை மாதிரி சரிந்திருக்கும். விளக்குகள் தூங்குகிற கண்ணைப் போல் மூடியிருந்து, வேண்டும்போது எழும்பும். கதவோ பக்கவாட்டில் திறக்காது, சேவல் இறக்கையைத் தூக்குவது போல மேலே போகும். வெளிநாட்டுப் புத்தகங்களில் வந்த பந்தயக் கார்களின் படங்களைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தான் ஆ கியோங். இன்னும் ஒன்றிரண்டு வருசத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பிறந்துவிடும், அப்போது வேகமாக ஓடுகிற கார் எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று உடைந்த மலாயில் எனக்குச் சொல்லுவான். அவனுக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது. இருவருக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி மலாய்தான். அதை வைத்தே இத்தனை வருசம் வேலை நடந்திருக்கிறது.

அந்தக் காருக்கு இருக்கை தைத்தது நான். ஊருக்கு, தம்பிக்கு இதை எழுதினேன். 'அக்கா ரேஸ் கார் வாங்கிவிட்டதாமே' என்று பதில் வந்தது. திருத்தி எழுதவில்லை. கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காரில் உட்கார்ந்து ஓட்ட முடியாது. படுத்த வாக்கில்தான் ஓட்ட வேண்டும். ஓட்டுகிறவனைப் பிடித்து வைக்க இரண்டு தோளுக்கும் இரண்டு பட்டை, இடுப்புக்கு இரண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த பட்டைகள் வெள்ளைக்காரன் உடம்புக்கு அளவெடுத்தவை. ஆ கியோங் மூங்கில் மாதிரி ஒல்லி. தோள் பட்டை இரண்டையும் வெட்டிச் சுருக்கித் தைக்கச் சொன்னார்கள். அன்றைக்கென்று பழைய நூல் தீர்ந்து, புது நூல் கண்டு வந்திருந்தது. பழையதைப் போல அதுவும் கறுப்பு. அட்டையில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. புதுக் கண்டு எது வந்தாலும், யாரும் பார்க்காதபோது நுனியை நெருப்பில் காட்டிப் பார்ப்பது என் வழக்கம். நைலான் நூல் உருகி மணியாகத் திரளும், பருத்தி நூல் எரிந்து சாம்பலாகும். பட்டைக்கு நைலான்தான் வேண்டும். ஆனால் அன்று தவுக்கேயும் ஆ கியோங்கும் என் மெசினுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் தீப்பெட்டியை எடுத்தால், இவளுக்கு அட்டையைப் படிக்கத் தெரியவில்லை என்று தெரிந்துபோகும். எடுக்கவில்லை. தைத்து முடித்ததும் ஆ கியோங் பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, "குவாட்?" என்றான். உறுதியா என்று கேட்கிறான். "குவாட்" என்றேன். அவன் பட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனான்.

சிம்பாங் பூலாய்ப் பக்கம் கைவிட்ட ஈயச் சுரங்கத்தை ஒட்டி நேராக ஒரு சாலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே காரை முதன்முதலாக முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. கோலாலம்பூரிலிருந்து பந்தயத்துக்குக் கார் இறக்குகிற இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள் என்று முனியாண்டி சொல்லியிருந்தான். நான் போவதாக இல்லை. வீட்டில் சாமி படத்துக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். பட்டை தைத்த நூலில் மிச்சமானதைக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தேன், அதில்தான். கட்டி முடித்ததும் நூலை விளக்குச் சுடரில் காட்டி அறுப்பது கைப்பழக்கம், உருகித் தானே விட்டுவிடும். அன்று உருகவில்லை. சுடர் நூலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, பூ வரைக்கும் வந்து, துணி எரிகிற வாசத்தோடு அணைந்தது. விரலில் சாம்பல். பூவை அப்படியே போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

பஸ்ஸில் தோட்டத்து ஞாபகம் வந்தது. பால் வெட்டும்போது கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் மரத்தில் காயம் விழும். மேல்பார்வை பார்க்கும் மண்டோர் கண்டால், காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டில் எல்லார் முன்னாலும் திட்டுவார். ஒருமுறை அவசரத்தில் காயம் போட்டுவிட்டேன். ஈர மண்ணைக் குழைத்து அதை மூடி, மேலே பாசியையும் ஒட்டி வைத்தேன். மண்டோர் பார்க்கவில்லை. அந்த மரத்துக்கு எதிரில் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன். மரம் கடைசியில் என்ன ஆனதென்று தெரியாது. மரம் வாய் திறந்து கேட்காது. ஆ கியோங் என்னிடம் கேட்டான், நான் பதிலும் சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆ கியோங் தலைக்கவசம் போட்டு, பட்டைகளை மாட்டிப் படுத்திருந்தான். கதவு இன்னும் மேலேதான் இருந்தது. கோலாலம்பூர்க்காரர்கள் இருவரும் குடைக்குக் கீழே நின்றார்கள்.

"வாங்க அக்கா" என்றான் முனியாண்டி. "எலுமிச்சம்பழம் எங்க? நீங்க வராம இருக்க மாட்டீங்கன்னு தவுக்கே அப்பவே சொன்னாரு."

"பழம் இல்லடா. வண்டியை நிறுத்தச் சொல்லு. நூல் தப்பு."

"என்ன தப்பு? நானே தொங்கிப் பாத்தேன் லா, ஒண்ணும் ஆகல."

"நீ தொங்கினா தாங்கும். இது போற வேகத்துக்குத் தாங்குமா?"

அவன் என் காதருகே குனிந்தான். "பெரிய ஆளுங்க நிக்கிறாங்க அக்கா. ஒரே ஒரு தடவை போயிட்டு வரட்டும். பொறவு பிரிச்சுத் தைக்கலாம்."

தவுக்கே என்னைப் பார்த்துக் கை கூப்பிச் சிரித்து, காரின் முன்பக்கத்தைக் காட்டினார். சாமி கும்பிட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார், சீக்கிரம் முடி என்று சைகை வேறு. நான் நேராக ஆ கியோங்கிடம் போனேன். வாயில் மலாய் வரவில்லை. பட்டையைக் காட்டி, "தா போலே, தா போலே" என்றேன், முடியாது முடியாது என்று. அவனும் தப்பாகத்தான் புரிந்துகொண்டான். இந்தக் கிழவி தனக்காகப் பயப்படுகிறாள் என்று என் கையைத் தட்டிக்கொடுத்து, பயப்படாதே என்றான். பிறகு கதவை இறக்கக் கையை உயர்த்தினான்.

தையல் பிரிக்கிற பிளேடு எப்போதும் என் சுருக்குப் பையில் இருக்கும். குனிந்து, அவன் வலது தோளிலிருந்த தையலை ஒரே இழுப்பில் பிரித்தேன். பட்டை இரண்டாக விழுந்தது. இஞ்சின் நின்றது. தவுக்கே கத்தியது சீனத்தில், ஆனால் புரியாமல் இல்லை.

"முனியாண்டி, நான் சொல்றதை அப்படியே சொல்லு. அந்த நூல் கண்டுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிக்கத் தெரியாது. தெரியாமத்தான் தைச்சேன். தெரிஞ்சவ மாதிரி உறுதின்னு சொன்னேன்."

"அதெல்லாம் எதுக்கு அக்கா? கண்டு மாறிப்போச்சுன்னு மட்டும் சொல்லிடுறேன்."

"அப்படியே சொல்லுடா."

சொன்னான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கோலாலம்பூர்க்காரர்கள் கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு குடையை மடக்கிக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். திரும்பி வரவும் இல்லை. அந்தப் பட்டை அன்றைக்குத் தாங்கியிருக்கலாம். அப்படி நினைக்கும்போதெல்லாம் ஆ கியோங்கின் இரண்டு வருசம் கண் முன்னால் வரும். ஆனாலும் பிளேடை எடுத்ததற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்பார் தவுக்கே என்று நினைத்துத்தான் போனேன். அவர் அந்த நூல் கண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, படித்துச் சொல்ல முனியாண்டியிடம் கொடுத்தார். நான் என் மெசினில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கத் தீக்குச்சி கிழித்து வேறொரு கண்டைச் சோதித்தேன். மணி திரண்டது. தோள் பட்டை இரண்டையும் முதலிலிருந்து தைத்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே சாலை. பார்க்க வேறு யாரும் இல்லை. ஆ கியோங் இந்தத் தடவை 'குவாட்' என்று கேட்கவில்லை. தலைக்கவசத்தை என்னிடம் நீட்டி, முதலில் நீ உட்கார் என்று கையைக் காட்டினான். விளையாட்டா கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. புடவையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் படுத்தேன். நான் தைத்த இருக்கைதான், உடம்பு அதில் புதைந்தது. முனியாண்டி ஒரு பக்கம், ஆ கியோங் ஒரு பக்கம் நின்று மாட்டினார்கள்.

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க அக்கா. இது போற போக்குக்கு ஊருக்கே போயிடலாம்."

"எந்த ஊருக்குடா?"

அவன் சிரித்தான். அவன் இடது தோள் பட்டையை இழுத்து இறுக்கினான், ஆ கியோங் வலது தோள் பட்டையை இழுத்து இறுக்கினான். இரண்டும் நான் தைத்தவை. எதிரே சுண்ணாம்பு மலையும் அதற்கு மேல் கொஞ்சம் வானமும் தெரிந்தன. எந்தப் பக்கமாவது திரும்பிப் பார்க்கலாமென்று அசைந்து பார்த்தேன். இரண்டு பட்டையும் விடவில்லை.