மதுரைக்கும் சென்னைக்கும் நடுவில் துபாய்

எங்கள் ராஜபாளையத்தில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் அரை மணி நேரம், மதுரை ரெண்டு மணி நேரம், சென்னை ஒரு ராத்திரி. கல்லூரியில் படித்த அண்ணன் ஒருநாள் போனைத் தட்டிப் பார்த்து, "துபாய் ஏர்போர்ட்டுல ஏறுனா நாலு மணி நேரத்துல மதுரை ஏர்போர்ட்டு" என்றான். ஏழு வயதுக்காரியான நான் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். துபாய் என்பது மதுரையைத் தாண்டி, சென்னைக்குப் பாதி வழியில் இருக்கிற ஊர். மூவாயிரம் கிலோமீட்டர் என்றும் அண்ணன் சொன்னான். அது என் காதில் ஏறவில்லை.

காதுதான் அப்போது என் பிரச்சினையே. எனக்கு இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவின் ஒரே தம்பியோ துபாய்க்கு வேலைக்குப் போனவர், வரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னை 'மூளிக்காதி' என்று கூப்பிட்டார்கள். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துபோனால் என்ன என்று மாமா மேல் எனக்கு ஆத்திரம்.

ஒருவழியாக அவருக்கு லீவு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலையில், மலைமேல் இருக்கிற பெருமாள் கோயிலில் காதுகுத்து. மாமா மதுரையில் இறங்கி நேரே அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. ஆசாரி ஊசியோடு தயாராக உட்கார்ந்துவிட்டார். மாமாவைக் காணோம். விமானம் தாமதமாம். நல்ல நேரம் முடியப்போகிறது, ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் இருக்கிறாரே, அவர் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று அப்பா ஆரம்பித்தார்.

"எந்தம்பி வருவான். செத்த நேரம் பொறுங்க," என்றாள் அம்மா, படிக்கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமா வந்தார். மூச்சிரைக்கப் படியேறி, பையை அப்பாவிடம் தள்ளிவிட்டு, என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் விடவில்லை.

"நாலு மணி நேரந்தான மாமா? வாராவாரம் வந்தா என்னவாம்?"

சுற்றி நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். மாமா மட்டும், "தப்புத்தான் தாயி, இனி வாரேன்" என்றார்.

முதல் காதுக்கே நான் ஊரைக் கூட்டிவிட்டேன். மறு காதுக்கு ஆசாரி ஊசியை எடுத்தபோது என் உச்சந்தலையில் ஏதோ கனமாக இறங்கியது. மாமாவின் தாடை. மனிதர் தூங்கிவிட்டார்!

"ஏலே மாப்ளே!" என்று உலுக்கப்போன அப்பாவை அம்மா தடுத்தாள். "தூங்கட்டும், விடுங்க." அவள் கன்னம் நனைந்திருந்தது. எனக்கு வலிக்கிறதே என்று அழுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே மாமா திரும்பிப் போய்விட்டார்.

இப்போது அதே விமானத்தில் நானும் வேலைக்குப் போய்வருகிறேன். நாலு மணி நேரம்தான், அண்ணனின் போன் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த லீவுக்காக, கூட வேலை பார்த்தவர்களின் இரவு ஷிப்டையும் மாமா தானே வாங்கிப் பார்த்துவிட்டு, பாயில் முதுகு சாய்க்காமலே விமானம் ஏறியிருக்கிறார். அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. கம்மலைத் தொடும்போதெல்லாம் மனதுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போடுகிறேன்.

இரண்டாவது ஊசி இறங்கியபோது நான் துள்ளித் திமிறினேன். மாமாவின் கைகள் என்னை விடவில்லை. தூங்குகிற மனிதர் இப்படி இறுக்கிப் பிடிப்பது எப்படி என்றுதான் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.