சுவரில் விட்ட கதவு

சமயநல்லூரில் எங்கள் ஓட்டு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர்தான். அம்மா தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். எழுபதுகளின் நடுவில் அந்த வீட்டுக்குச் சோழவந்தானிலிருந்து ஒரு புதுப்பெண் வாழ வந்தாள். நான் அவளைச் சித்தி என்று கூப்பிட்டேன்.

கணவர் வேலைக்குப் போனதும் அவள் அழுவது எங்கள் அடுப்படியில் கேட்கும். ஒருநாள் அம்மா கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டினாள்.

"ஏத்தா, சாப்பிட்டியா?"

அழுகை நின்றது. "இல்லக்கா" என்று குரல் வந்தது.

"சாப்பிட்டுட்டு அழு. சோறு ஆறிப்போயிரும்."

அந்த ஐப்பசி மழையில் சுவர் நடுவாக்கில் சரிந்து விழுந்தது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. மழை விடும்வரை கட்ட முடியாது என்று அப்பா அந்த இடத்தில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார். அதை யாரும் இழுத்து மூடவில்லை. சித்தி எங்கள் அடுப்பில் குழம்பு வைத்தாள். என் தம்பி மத்தியானத் தூக்கத்தை அவள் வீட்டுக்கு மாற்றிக்கொண்டான்.

செங்கல் வந்து இறங்கியதும் அம்மாவும் சித்தியும் கொத்தனார் முன்னால் போய் நின்றார்கள்.

"அண்ணே, ஒரு ஆள் போய்வர வழி விட்டுருங்க" என்றாள் அம்மா.

"ரெண்டு வீட்டுக்கு நடுவுல கதவா? ஊரு சிரிக்கும்" என்றார் அப்பா.

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

சித்தியின் கணவரே மதுரைக்குப் போய்ப் பழைய மரக்கடையில் கதவு வாங்கி வந்தார். அதற்குத் தாழ்ப்பாள் வைக்கவே இல்லை. சித்தியின் பிள்ளைகள் அந்தக் கதவு நிலையைப் பிடித்துத்தான் நடை பழகினார்கள்.

எண்பதுகளில் சித்தி வீட்டார் ஓட்டைப் பிரித்து மாடி வீடு கட்டினார்கள். கதவு இருந்த இடத்தில் பில்லர் வந்தது. வேறு வழியில்லை. கதவைப் பெயர்த்து அடைத்த அன்று அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் தெருவாசலில் சித்தி கிண்ணத்தோடு நின்றாள்.

"வாங்க, உக்காருங்க" என்றாள் அம்மா, விருந்தாளியிடம் சொல்வதுபோல.

சித்தி உள்ளே வராமல் சுற்றிலும் பார்த்தாள். "இம்புட்டு வருசத்துல உங்க வீட்ட இந்தப் பக்கமிருந்து பாத்ததே இல்லக்கா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு சித்தி தெரு வழியாகவே வந்தாள். வழியில் பார்த்த எதிர்வீட்டு அக்காவும், முக்கு வீட்டு டீச்சரும் அவளோடு சேர்ந்து வரத் தொடங்கினார்கள். காப்பிக்குப் பால் பத்தவில்லை என்று அம்மா தினமும் குறைப்பட்டாள். ஆனால் மறுநாளும் டம்ளர்களைக் கூடுதலாகவே எடுத்து வைத்தாள்.