தம்மாமுக்குப் போன நிக்காஹ் வீடியோ

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவனுக்குப் பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு என்று இரண்டு எஜமான்கள் உண்டு. மூன்றாவது எஜமான், வெட்டி ஒட்டியதைக் கம்ப்யூட்டர் ஒரே வீடியோவாக்கி முடிக்கும்வரை திரையில் நகரவே நகராத அந்த ரெண்டரிங் கோடு. அதைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போன சகபாவிகளே, மேலப்பாளையத்து நிக்காஹ் ஒன்றில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பொண்ணின் வாப்பாவுக்கு சவூதியில், தம்மாமில் வேலை; லீவு கிடைக்கவில்லை. ஒரே மகளின் நிக்காஹை அவர் வீடியோவில்தான் பார்க்க வேண்டும். அவர் ரூமில் நெட் அரைகுறை. பொண்ணின் தாய்மாமாவும் தம்மாமில்தான் வேலை பார்க்கிறார். அவர் லீவு முடிந்து கிளம்பும்போது அல்வா, ஊறுகாய்ப் பார்சல்களோடு என் பென் டிரைவும் போயாக வேண்டும்.

எல்லாம் 4K

தம்மாமில் இருக்கும் மச்சானுக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று மாமா எல்லாக் கேமராவையும் உச்சத் தரமான 4Kயில் ஓடவிட்டார். தம்மாம் ரூமில் இருப்பது ஓட்டை டிவி என்று சொன்னவரும் அவர்தான். என் கம்ப்யூட்டருக்கு அந்தப் பாரம் தாங்கவில்லை. எடிட்டிங்குக்கு உட்கார்ந்தால் படம் திக்கித் திக்கி ஓடியது. பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருந்த மாமா கேட்டார்: "பொண்ணு என்ன வே நொண்டி நொண்டி வாரா? மாப்பிள்ளை வீட்டுல பாத்தா என்ன நினைப்பாவ?"

மங்கல் பிரதி

இதற்கு வைத்தியம் ப்ராக்ஸி. அசல் காட்சிகளுக்குத் தரம் குறைந்த சின்னப் பிரதி எடுத்து, அதை வைத்து வெட்டி ஒட்ட வேண்டும். கடைசி ரெண்டரிங்கில் கம்ப்யூட்டர் அசலை எடுத்துக்கொள்ளும். வேலை வழுக்கிக்கொண்டு ஓடும். திரையில்தான் கொஞ்சம் மங்கலாகத் தெரியும்.

இதை விளக்குவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, லாத்தாவுக்கு, அதாவது பொண்ணின் உம்மாவுக்கு, என் முன்னாலேயே போன் போட்டார்: "நல்ல படத்தை எங்கனயோ ஒளிச்சு வச்சிருக்காரு. பைய விசாரிக்கேன்."

பூமழை

வீடியோவைத் துண்டு துண்டாக ரெண்டர் செய்து வைத்தால், திருத்தம் வரும் துண்டை மட்டும் திரும்பச் செய்தால் போதும். இது நான் மண்டை காய்ந்து கற்றது. மாமா அதற்கும் வேட்டு வைத்தார். முதல் ஷாட்டிலிருந்து கடைசி வரை ரோஜாப்பூ கொட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஒரே பூமழையை மொத்தத்துக்கும் போர்த்தினால், எங்கே வெட்டினாலும் முதலிலிருந்து ரெண்டர்தான்.

"பந்தியில பிரியாணி மேல பூ விழுந்தா நல்லாவா இருக்கும் பாய்?" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "வாசல்ல நின்னு எல்லாருக்கும் பன்னீர் தெளிக்க மச்சான் இல்ல. உம்ம கம்ப்யூட்டராவது பூ போடட்டும் வே."

பிரியாணி மேலும் பூ விழுந்தது.

கார் வந்துட்டு

கிளம்புகிற அன்று காலை ரெண்டரிங் கோடு ஒருவழியாகக் கடைசியை நெருங்கியது. மாமா வந்தார், பார்த்தார், ஒரு குண்டைப் போட்டார். மாப்பிள்ளையின் சாச்சா, அதாவது சித்தப்பா, பந்தியில் முகம் சுளிக்கிறாராம், அதைத் தூக்க வேண்டுமாம். தூக்கினேன். கோடு பழையபடி ஆரம்பத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

வாசலில் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகிற கார் ஹாரன் அடித்தது. வேறு வழியில்லாமல், பூமழையைத் தூக்கிவிட்டு, மங்கல் பிரதியையே ரெண்டர் செய்து பென் டிரைவில் ஏற்றினேன். மாமா டீ குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. "அசலை அடுத்தாப்ல போறவங்கிட்ட கொடுத்துவிடுதேன் பாய்" என்றேன். அவர் பென் டிரைவை அல்வாப் பார்சலுக்குள் செருகியபடி சொன்னார்: "மச்சான் மூஞ்சில நான் எப்படி வே முழிப்பேன்?"

தம்மாமிலிருந்து போன்

வாப்பாவே கூப்பிட்டார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகித்தான் போனை எடுத்தேன். ஸலாம் சொன்ன கையோடு, படம் மங்கல்தான், தப்பு என்னுடையதுதான், அசல் வந்துகொண்டிருக்கிறது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் குறுக்கிட்டார்.

"தம்பி, மக நடந்து வந்தாள்லா, அப்பவே எனக்குக் கண்ணு நிறைஞ்சிட்டு. உம்ம படம் எப்படி இருக்குன்னு நான் இன்னும் பாக்கவே இல்ல."

ஆக சகபாவிகளே, ரெண்டரிங் சீக்கிரம் முடிய நான் கண்ட ஒரே நிச்சயமான வழி, வாசலில் ஏர்போர்ட் கார் வந்து ஹாரன் அடிப்பதுதான்.