புகைப்புரையில் காயப்போட்ட கார்

என் மாமனார் நான்கு வருடம் என்னோடு நாய் மூலமாகத்தான் பேசினார்.

இதை அலுவலகத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. மனத்தாங்கல் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், மிஞ்சிப்போனால் மகளிடம் சொல்லியனுப்புவார்கள், நாய் எப்படி என்று கேட்டார்கள். மாமா அப்படித்தான். குலசேகரம் தாண்டி திற்பரப்புக்குப் போகிற வழியில் அவருக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டமும் அதன் நடுவில் வீடும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானும் மனைவியும் அங்கே சாப்பிடப் போவோம். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, மேசைக்கு அடியில் கிடக்கும் கறுப்பு நாயிடம் சொல்வார்:

"ஏலே, அவருகிட்ட கேளு, மீனு இன்னும் ஒரு துண்டு வேணுமாண்ணு."

நாய் என்னைப் பார்க்கும். நான் நாயிடம், "வேண்டாம்ணு சொல்லு, வயிறு நெறஞ்சாச்சு" என்பேன். நாய் மாமாவைப் பார்க்கும். நான் வேண்டாமென்ற துண்டு கடைசியில் அதற்குத்தான் போகும் என்பதால், இந்த வேலையை அது மிகவும் பொறுப்பாகச் செய்தது.

தப்பு என்னுடையதுதான். 2006இல் கல்யாணமான இரண்டாம் மாதம், புது மாப்பிள்ளை மிடுக்கில் மாமாவின் காரை எடுத்து முற்றத்தில் திருப்பப் பார்த்தேன். வெள்ளை அம்பாசடர். ஆலயத்துக்குப் போகும், ஊரில் யாருக்காவது பிரசவ வலி கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போகும், மற்றபடி மாட்டுக்கொட்டகையைவிட நல்ல கொட்டகையில் படுத்திருக்கும். எனக்கு லைசென்ஸ் இருந்தது. ரிவர்ஸ் வரவில்லை என்பது எனக்கும் கார் ஓட்டக் கற்றுத்தந்தவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

முற்றத்தின் ஓரத்தில் புகைப்புரை நின்றது. ரப்பர் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தட்டை ஷீட்டாக்கி, அதைக் கழியில் தொங்கவிட்டு, கீழே தேங்காய்த் தொண்டும் சிரட்டையும் எரித்துப் புகையில் உலர்த்துகிற சின்ன ஓட்டுக் கட்டடம். நான் பின்னால் போனேன். புகைப்புரையின் இடது மூலை சரிந்தது. காரின் பின்பக்க இடது மூலை, மிதித்த பால் டம்ளர்போல உள்ளே போயிற்று. இரண்டு வாரத்து ஷீட் சேற்றில் கிடந்தது.

மாமா வந்து முதலில் காரைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அவருக்கு எதையும் தரம் பிரித்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒன்றாம் தரம், நாலாம் தரம் என்று சொல்கிற கை அது. கருவாட்டையும் அப்படித்தான் பார்ப்பார், பிரசங்கத்துக்கும் அப்படித்தான் தரம் சொல்வார். ஐந்து தரத்துக்கும் கீழே உள்ளது ஒட்டுப்பால். ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டையிலும் பால் வடிகிற சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கிடப்பதைப் பிய்த்தெடுத்துச் சாக்கில் போடுவது.

"பாத்தியாலே?" என்று மாமா நாயிடம் சொன்னார். "இது ஒட்டுப்பாலு."

அன்று தொடங்கிய ஏற்பாடுதான் நான்கு வருடம் நடந்தது. மற்றவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு வலித்தது. என் அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இல்லாமல் போனவர். மாமா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒருவர் கிடைத்திருக்கிறார் என்று நினைத்துக் கல்யாணம் கட்டியவன் நான்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கார் கட்டும் கிறுக்குப் பிடித்தது. கத்தாரில் இருந்த மச்சினன் லீவில் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தான். மேலே சிவப்புக் கார் படம். திறந்தால் சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக், அதில் நூறு சொச்சம் துண்டுகள். மாமி பார்த்துவிட்டு, "ஒடஞ்ச சாமானத் தந்து ஒன்னைய ஏமாத்திப் போட்டானுவ மக்கா, திருப்பிக் குடு" என்றார். யாரும் தொடாததால் நான் எடுத்துக்கொண்டேன்.

அசல் காரை இருபத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கினால் என்ன வருமோ அதுதான் இது. ஒவ்வொரு துண்டாக வெட்டி, ராவி, பெயிண்ட் அடித்து, ஒட்ட வேண்டும். பத்மநாபபுரத்தில் அரண்மனைக்குப் பின்னாலிருந்த எங்கள் வாடகை வீட்டில், சாப்பாட்டு மேசையின் பாதியை நான் பிடித்துக்கொண்டேன். மனைவியின் நகவெட்டி, நகம் ராவும் தகடு, புருவம் பிடுங்கும் இடுக்கி எல்லாம் வரிசையாகக் காணாமல் போயின.

"எனக்க நெயில் பாலிஷ எங்க கொண்டு போட்டிய?"

"டெயில் லைட்டுக்கு எடுத்தேன்."

"டெயில் லைட்டுக்கா? நாளைக்குக் கல்யாணத்துக்குப் போணும், நான் வெரல்ல என்னத்த அடிக்க?"

மீதி இருந்த எனாமல் பெயிண்டை நீட்டினேன். அன்று இரவு சோறு இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "ஓடுமா?" ஓடாது என்றால் அவர்கள் முகத்தில் ஓர் இரக்கம் வரும். பொறுமையாக இருபத்து நாலில் ஒன்று, அசல் அளவு என்று விளக்குவேன். கேட்டு முடித்துவிட்டு, "சாவி குடுத்தாலும் ஓடாதா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிளாஸ்டிக் எலுமிச்சைச் செடியும் பிளாஸ்டிக் ரோஜாவும் வைத்திருக்கிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள்! அவர்களிடம் நான் போய் அது காய்க்குமா என்று கேட்டேனா?

ஆறு கார் முடிந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அடுத்த ஆடி மாதம் மாமாவுக்கு எழுபது. அவருடைய அம்பாசடரையே கட்டிக் கொடுத்தால் என்ன? நான் இடிப்பதற்கு முந்திய அம்பாசடர், பின்பக்கம் மொழுமொழுவென்று. எடுத்துப் பார்ப்பார், ஒன்றாம் தரம் என்பார், நாயிடமல்ல, என்னிடம். இதுதான் திட்டம்.

அம்பாசடருக்குப் பெட்டி கிடையாது. அதே சாயலில் ஒரு பழைய இங்கிலீஷ் காரின் பெட்டியை மச்சினன் தேடிப்பிடித்து அனுப்பினான். முன்பக்கக் கம்பிச்சட்டத்தை நானே செய்ய வேண்டும், கூரையின் வளைவு வேறு. அளவு வேண்டுமே. ஒரு சனிக்கிழமை ராத்திரி மாமா வீட்டில் தங்கினோம். மறுநாள் தலைவலி என்று ஆராதனைக்குப் போகாமல், மாமியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் புகுந்தேன். மாமாவோ சிநேகிதர் ஒருவரின் ஜீப்பில் ஆலயத்துக்குப் போயிருந்தார். பம்பருக்குக் கீழே மல்லாந்து கிடந்தபோது சமையலுக்காக வீட்டில் நின்றுவிட்ட மாமி கோழியைத் தேடி வந்துவிட்டார். என் கையில் அவருடைய டேப் இருந்தது. "காருக்கு ஒரு கவர் தைக்கலாம்னு..." என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டில் மாமா நாயைக் கூப்பிட்டார். "ஏலே, காருக்குச் சட்டை ஒண்ணும் வேண்டாம்ணு சொல்லு. அது இத்தற நாளும் சட்டை இல்லாமதான் கெடந்து."

ஏழு மாதம் உழைத்தேன். உள்ளே சிவப்பு இருக்கை, டிரைவர் இருக்கையில் மாமாவின் பச்சைக்கரைத் துவர்த்துத் துண்டு. கண்ணாடியில் தொங்கும் பிளாஸ்டிக் திராட்சைக்குலைக்குக் கடுகு எடுத்து நூலில் ஒட்டி ஊதா அடித்தேன். மச்சினன் கொண்டுவந்த சாக்லெட்டுகளின் வெள்ளித்தாள்தான் பம்பர். அதற்காக நானே அத்தனை சாக்லெட்டையும் தின்ன வேண்டியிருந்தது, தியாகம் என்றால் தியாகம்தான். பின் கண்ணாடியில் 'இயேசுவே துணை' என்ற எழுத்து. தூரிகையில் இரண்டே மயிர் விட்டு, மூச்சைப் பிடித்து எழுதினேன். மனைவி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த வீட்டில் அதுவரை என் கார்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை.

வெள்ளை மட்டும் பாக்கி. அப்போதுதான் மழை பிடித்தது. எங்கள் மாவட்டத்தில் மழை இரண்டு பக்கமிருந்தும் வரும், நடுவில் மறந்துபோய் இன்னொரு தடவையும் வரும். எனாமல் அடித்து மூன்று நாளாகியும் பிசுபிசுவென்றே இருந்தது. ஒரு கொசு கூரையில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உயிரைவிட்டது. ராவி எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். இந்தத் தடவை என் கட்டைவிரல் ரேகை வீடு வாங்கப் பத்திரம் பதிந்ததுபோல விழுந்தது. மூன்றாம் தடவை அடித்து, பிஸ்கட் டின்னில் வைத்து, பிறந்தநாளுக்கு முந்தின நாள் காலையில் மாமா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்போதும் உலரவில்லை.

இனி நான் செய்ததை வெளியூர்க்காரர்கள் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் பக்கம் மழைக்காலத்தில் உலராத எதுவும் கடைசியில் புகைப்புரைக்குத்தான் போகும். நல்லமிளகு போகும், ஜாதிக்காய் போகும், நெத்திலிக் கருவாடு போகும், பள்ளிக்கூட யூனிபார்ம் போகும். என் மனைவி பத்தாம் வகுப்புப் பரீட்சை முழுக்கப் புகை நாற்றத்தோடு எழுதி நல்ல மார்க்கு வாங்கியவள். புகைப்புரையில் உலராதது உண்டா? உள்ளே போய், ஷீட்டுகளுக்கு நடுவே, மாமா புதிதாகக் கட்டிய இடது மூலையில், காரை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் மாமி என்னைப் பந்தலுக்குக் கயிறு வாங்க அனுப்பினார். திற்பரப்பு அருவிக்குப் போகும் வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மாமா, மறுநாள் வேலை இருக்காதே என்று, வெளிப்பக்க அடுப்பு வாய் வழியே இரண்டு கூடை தொண்டு சேர்த்துப் போட்டுத் தீயைக் கூட்டிவிட்டார். நான் வந்து கதவைத் திறந்தபோது மத்தியானம் கழிந்திருந்தது.

பெயிண்ட் உலர்ந்திருந்தது, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் வெள்ளை இல்லை. பழைய ரப்பர் ஷீட்டின் தவிட்டு நிறம். நெத்திலிக் கருவாட்டு வாசனை. சூட்டில் பிளாஸ்டிக் இளகி, பின்பக்க இடது மூலை அப்படியே உள்ளே போயிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது போதாதென்று, குரங்கும் நான் ஏற்கெனவே இடித்த அதே குரங்காக இருந்தது.

அழுகை வந்தது. புகை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தாள். கொடுக்க வேண்டாம், தோட்டத்தில் எறிந்துவிடு என்றேன்.

மறுநாள் வீடு நிறைய ஆள். போதகர் ஜெபம் பண்ணினார். கேக் வெட்டினார்கள். எல்லோரும் வேட்டியும் சால்வையும் கொடுத்து முடிந்த பிறகு, என் மனைவி நேரே போய் அந்த பிஸ்கட் டின்னை அப்பாவின் மடியில் வைத்தாள்.

"இவிய ஏழு மாசமா உங்களுக்காகச் செய்தது."

மாமா மூடியைத் திறந்தார். கருவாட்டு வாசனை பந்தல் முழுக்கப் போயிற்று. போதகர் மூக்கைத் தடவினார். மாமா காரை வெளியே எடுத்து, வழக்கம்போல வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். உள்ளே பார்த்தார். துண்டைப் பார்த்தார், கடுகுக் குலையைப் பார்த்தார், பின் கண்ணாடி எழுத்தைக் கண் இடுக்கி வாசித்தார். பிறகு திருப்பி அந்த மூலையைப் பார்த்தார். நான் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தேன்.

மாமா குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். நாய் இல்லை. போன கிறிஸ்துமஸுக்குப் போதகரின் கால்சட்டையைக் கடித்த குற்றத்துக்காக, மாமி அதைப் பின்னால் தென்னையில் கட்டிப்போட்டிருந்தார். கூட்டம் மொத்தமும் காத்திருந்தது. மாமாவுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

"இத எங்க காயப்போட்ட?"

என்னைத்தான் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "புகப்புரையில, மாமா."

"எந்த மூலையில?"

"இடது மூலையில."

மாமாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். பிறகு பல் தெரிந்தது.

"நீ எனக்க புரைய இடிச்ச. புரை ஒனக்க காரை இடிச்சுப் போட்டு. சரிக்குச் சரி ஆயாச்சு, போ!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அஞ்சாந் தரம். பொக கூடிப்போச்சு. அடுத்தவாட்டி எங்கிட்ட சொல்லு, தீய பைய போட்டுத் தாறேன்."

ஒட்டுப்பாலிலிருந்து ஐந்தாம் தரம். எனக்கு உத்தியோக உயர்வு வந்த அன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் போதகரை வீட்டில் கொண்டுவிட வேண்டியிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. மாமா அம்பாசடரின் சாவியை எடுத்து வந்து எல்லோருக்கும் முன்னால் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீ கொண்டு விட்டுட்டு வா, மருமோனே" என்றார். நான் கையை நீட்டினேன். சாவி என் விரலில் படுகிறதற்குள் அதைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ரிவர்ஸ் மட்டும் நான் எடுத்துத் தாறேன்."