சீலை சென்னையில், உள்பாவாடை மல்வேர்னில்

இரண்டாவது மகளின் கலியாணச் சீலைகளைச் சென்னையில் வாங்கிவந்த பெருமையோடு, இன்றைக்கு, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் மல்வேர்னின் பிளாசாவில் யோகன் அண்ணையின் சீலைக்கடைக்குப் போனேன். உள்பாவாடை வாங்க.

கண்ணாடியில் 'கடை மூடப்படுகிறது' என்று ஒட்டியிருந்தது.

"என்ன அண்ணை உது?"

"வியாபாரம் இல்லை, தங்கச்சி. இந்த மாதத்தோட சரி."

"எங்கட சனத்துக்கு எங்கட கடையளை ஆதரிக்கத் தெரியாது," என்றேன், வாய் கூசாமல்.

உள்பாவாடைக்கு நிறம் பார்க்க ஃபோனை நீட்டினேன். அவர் சீலைப் படத்தைப் பார்த்தார்.

"வடிவான சீலை. சென்னையோ?"

"ஓம்," என்றேன், மெதுவாக.

அதே நிறத்தில் உள்பாவாடை ஒன்றை உருவியெடுத்து, மடித்துத் தந்தார்.

"மூத்தவளுக்கும் உள்பாவாடை என்னட்டைத்தான் எடுத்தனீங்கள். கடைசிப் பிள்ளைக்கு எங்கை எடுப்பியள்?"

காருக்குள் வந்திருந்துதான் இதை எழுதுகிறேன்.

அவரிடம் உள்பாவாடைக்கு மட்டும் போன ஆக்கள் கை உயர்த்துங்கோ. முதல் கை என்னுடையது.