இத்தாலியில் நின்றுகொண்டே குடித்த காபி

அந்தக் காபியின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது... இரண்டு மடக்குதான். பால் கிடையாது.

இத்தாலியில் ஒரு செராமிக் ஃபேக்டரி. விருத்தாசலத்தில் எங்கள் கம்பெனி வாங்கவிருந்த, டைல்ஸுக்குப் பளபளப்புப் பூசும் கிளேஸ் மெஷினை ஓட்டப் பழக, என்னையும் இன்ஜினியர் பாஸ்கர் சாரையும் இரண்டு வாரம் அனுப்பியிருந்தார்கள். எனக்கு அதுதான் முதல் விமானம்.

மூன்று நாள் மெஷின் பக்கமே விடவில்லை. அங்கே சூப்பர்வைசர் லூச்சியா என்ற அம்மா. எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"மதிக்க மாட்டேங்கிறாங்க செல்வி. ஊருக்குப் போயிடலாம்" என்றார் சார்.

எனக்கு மனசு வரவில்லை. 'பொம்பளைய அனுப்புனா இப்படித்தான்' என்று சொல்ல ஊரில் ஆள் தயாராக இருந்தது.

நாலாம் நாள் காலை வாசலில் நின்று கவனித்தேன். வருகிறவர்கள் எல்லோரும் எதிர்ப்பட்டவருக்கெல்லாம் "போன்ஜோர்னோ" என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். பத்து மணிக்குக் காபி கவுண்டரில் கூடி, நின்றுகொண்டே காபி குடித்தார்கள். நாங்களோ குனிந்த தலையோடு வந்து, ரூமில் கிளறிய புளிச்சோற்றை மூலையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தோம்!

"சார், மதிக்காதது அவங்க இல்ல... நாமதான். வாங்க, காபி குடிக்கலாம்."

கவுண்டருக்குப் போய், சத்தமாக ஒரு போன்ஜோர்னோ சொன்னேன். லூச்சியா திரும்பிப் பார்த்தார். சிரித்தார். ஒரு கப்பை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று மதியம் சாரும் நானும் அவர் பின்னால் நடந்தபோது, அடுக்கியிருந்த டைல்ஸைப் பழக்கதோஷத்தில் விரலால் தட்டிக்கொண்டே போனேன். ஊரில் என் வேலையே அதுதான். மற்றதெல்லாம் கணீரென்று ஒலிக்க, ஒன்று மட்டும் மொத்தென்று கேட்டது.

"இதுல விரிசல் இருக்குதுன்னு சொல்லுங்க சார்."

லூச்சியா நம்பவில்லை. மையைத் தடவித் துடைத்தார். தலைமுடி மாதிரி ஒரு கோட்டில் மட்டும் மை தங்கி நின்றது!

மறுநாளே மெஷின் என் கைக்கு வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள், ஒரு ஷிஃப்ட் முழுக்க நானே ஓட்டினேன். ஒரு பீஸ் கூட வீணாகவில்லை.

இப்போது எங்கள் யூனிட் பெண்கள் மெஷின் பழக அடிக்கடி அங்கே போகிறார்கள். போகும்முன் என்னிடம் யோசனை கேட்பார்கள், நானும் சொல்வேன்.

"சர்ச்சுக்குள்ள போனா தோள மூடிக்கோ. பேப்பர் டிக்கெட்டுன்னா ரயில் ஏறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்து மெஷின்ல முத்திர குத்திக்கோ. சாப்பிட்டப்புறம் பால் காபி கேக்காத, சிரிப்பாங்க. யாரப் பாத்தாலும் மொதல்ல நீ வணக்கம் சொல்லு."

நேற்று, இந்த முறை போயிருக்கும் கவிதா அங்கிருந்து வீடியோ கால் போட்டாள். "அக்கா, பாருங்க... நாந்தான் ஓட்டுறேன்!"

பெருமையில் கண் நிறைந்துவிட்டது. அன்று அதே மெஷின் முன்னால் நின்ற என்னை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லத்தான் எனக்குத் தோன்றவில்லை...