ஏழு பவுசர் தண்ணீர்

இடது கையின் ஆட்காட்டி விரல் பழுப்பேறிய கொப்பியின் வரியொன்றில் நின்றது. வலது கை அந்த வரியைக் கணினியில் தட்டியது: திகதி, நேரம், லீற்றர். பக்கம் முடிந்ததும் விரல் மறுபடி முதல் வரிக்குப் போனது.

பவதாரணிக்கு எதையும் ஒருமுறை பார்த்தால் போதாது. மடத்துவெளித் தண்ணீர்ச் சங்கத்தின் எழுதுவினைஞர் அவள். தரவுகளை வரைபடமாக்கும் மென்பொருளை இணையத்தில் படிக்கலாம், பதினெட்டாயிரம் ரூபாய் வகுப்பு ஆயிரத்து ஐந்நூறுக்கு என்று விளம்பரம் வந்தபோது, எங்கோ ஏமாற்று இருக்கிறது என்று மூன்று கிழமை யோசித்தாள். சேர்ந்த பிறகும் திரையில் வந்த ஒவ்வொரு கூட்டலையும் தாளில் போட்டுப் பார்த்தே அடுத்த பாடத்துக்குப் போனாள்.

இரண்டு அட்டவணைகளைப் பொருத்தி, ஒன்றில் இருந்தும் மற்றதில் இல்லாததைக் கண்டுபிடிப்பது ஒன்பதாவது பாடம். அதைச் சங்கத்துக் கொப்பிகளில் செய்து பார்த்தாள். ஒரு கொப்பி, கிணற்றடியில் பவுசர் என்ற தண்ணீர் வண்டி நிரம்பியதும் எழுதுவது. மற்றது, தெருத் தாங்கியில் தண்ணீர் இறங்கியதும் ஊரார் கையெழுத்து வைப்பது. ஆறு மாதத்தில் ஏழு பவுசர் கிணற்றடியிலிருந்து புறப்பட்டிருந்தன. எந்தத் தாங்கிக்கும் போய்ச் சேரவில்லை.

அவள் அதை வரைபடமாகக் காட்டியதும் சங்கத் தலைவர் கதிர்காமு கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பிலிப்பு வித்துப்போட்டான். நான் அப்பவே நினைச்சனான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில ஆளை நிப்பாட்டுவம். நீர் அந்தப் படத்தை வடிவா அடிச்சுத் தாரும்."

பிலிப்பு பதினொரு வருடமாகப் பவுசர் ஓட்டுகிறவர். பவதாரணிக்கும் அவர்மேல்தான் சந்தேகம். ஆனாலும் திகதிகளை எழுதிக்கொண்டு நேரே போனாள்.

"பிலிப்பு அண்ணை, இந்த ஏழு நாளும் தண்ணி எங்க போனது?"

"செத்தவீடுகளுக்கு."

"பிறகேன் எழுதேல்லை?"

"செத்தவீட்டில ஆரிட்டைக் கையெழுத்துக் கேக்கிறது, தங்கச்சி? பிரேதத்திட்டையோ?"

அவள் சிரிக்கவில்லை. நல்ல பொய்யும் இப்படித்தான் சட்டென்று வரும். மரண சகாய சங்கத்தின் கொப்பியை இரவல் வாங்கி, மூன்றாவது அட்டவணையாகப் பொருத்தினாள். ஆறு நாட்கள் பொருந்தின. ஏழாவது, மாசி பதினாலு, பொருந்தவில்லை. பிடிபட்டார் என்று நினைத்தபடி மறுபடி போனாள்.

"மாசி பதினாலு?" பிலிப்பு பவுசர்க் கதவைச் சாத்தினார். "அதை உம்மட தலைவரிட்டைக் கேளும்."

அவள் தலைவரிடம் கேட்கவில்லை. வாசிகசாலைச் சுவருக்குப் போனாள். மழையில் பாதி கிழிந்த மரண அறிவித்தல் ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது. கனடாவிலிருந்து வந்த இடத்தில் தம்பி வீட்டில் காலமான செல்லாச்சி. மரண சகாய சங்கத்தில் அங்கத்தவர் இல்லை. தகனம், மாசி பதினாலு. அதைப் படமெடுத்து, திகதியை இரண்டுதரம் வாசித்தாள்.

ஞாயிறு காலை, கூட்டம் தொடங்குமுன் கதிர்காமு கை நீட்டினார். "படம் வந்ததோ?"

"ஓம் ஐயா. ஏழு பவுசரும் எந்த வீட்டுக்குப் போனதெண்டு பேரோட போட்டிருக்கிறன். கடைசி வரியை மட்டும் நீங்களே ஒருக்காச் சரிபாருங்கோ."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினார். கடைசி வரியில் அவருடைய தமக்கையின் பெயர் இருந்தது.